சாக்கடைச் செலவு யார் தலையில்?

"மாசு செய்தவரே அதைப் போக்கும் செலவையும் ஏற்க வேண்டும்." சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் மேடைகளிலெல்லாம் ஒலிக்கும் கோட்பாடு இது. மேலை நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 1972-இல் இதனை வகுத்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டில், நம் உச்ச நீதிமன்றமும் இதை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. கேட்பதற்கு இதைவிட நியாயமான விதி வேறில்லை.

ஆனால் ஊர்ச் சாக்கடை என்று வரும்போது "மாசு செய்தவர்" யார்? ஓர் ஆலைக்குப் பெயர்ப் பலகை உண்டு, முதலாளி உண்டு, கழிவு வெளியேறும் குழாய் உண்டு. ஒரு நகரத்தின் சாக்கடையிலோ இலட்சம் சமையலறைகளும் குளியலறைகளும் கலந்திருக்கின்றன. நீங்களும் நானும் அதில் இருக்கிறோம். இந்த இடத்தில் மேற்படி கோட்பாடு எவ்வளவு தூரம் பயன்படுகிறது, எங்கே நொண்டுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூணாற்றுத் தலைப்பு

இதை ஆராய நீடாமங்கலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தஞ்சை நகரின் வட எல்லையைத் தொட்டுக் கடந்து, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாற்றுத் தலைப்பை அடைகிறது. அங்கே ஆறு மூன்றாகிறது. ஒரு கிளை வெண்ணாறு என்ற பெயரிலேயே தொடர்கிறது. மற்ற இரண்டும் கோரையாறு, பாமணியாறு என்ற பெயர்களோடு தெற்கே சென்று முத்துப்பேட்டை உப்பங்கழியில் முடிகின்றன.

தலைப்பின் ஷட்டர்கள் எந்த ஆற்றுக்கு எவ்வளவு நீர் என்று பங்கிடுகின்றன. நீரோடு வந்த அழுக்கும் அதே விகிதத்தில் பங்கிடப்படுகிறது. நீரின் அளவைக் குறித்துவைக்க அங்கே அளவுகோல் உண்டு. நீரோடு வந்த அழுக்குக்கு அப்படியோர் அன்றாடக் கணக்கு இல்லை. மேட்டூரிலிருந்து இங்கு வரும் வரை எத்தனை ஊர்கள்! பள்ளிபாளையம், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சை என்று ஒவ்வொன்றும் நேராகவோ துணையாறுகள் வழியாகவோ தன் பங்கைச் சேர்த்த பிறகே நீர் கடைமடைக்கு வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரபுப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். அணை மூடிய பின்னர் கோடைக்கால டெல்டா ஆறுகளில் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் ஊர்களின் சாக்கடைக்குக் கோடை விடுமுறை கிடையாது. அந்த மாதங்களில் பல ஊர்களை ஒட்டிய ஆற்றுப் படுகையில் தேங்கி நிற்பது பெரும்பாலும் ஊர்க் கழிவுநீர்தான். பிறகு ஜூனில் புதுவெள்ளம் வரும்போது நான்கைந்து மாதச் சேமிப்பு முழுவதும் அடித்துக்கொண்டு கீழே போகும். நாற்றங்காலுக்குப் பாயும் முதல் தண்ணீர் அதுவே.

ஆறு தானே சுத்தம் செய்துகொள்ளாதா?

"ஓடுகிற தண்ணீருக்குத் தோஷமில்லை" என்பார்கள் நம் பெரியவர்கள். இதில் ஓரளவு விஞ்ஞான உண்மை உண்டு. கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களை ஆற்றுநீரில் வாழும் பாக்டீரியங்கள் உண்டு சிதைக்கின்றன. அதற்கு அவை நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகின்றன. ஒரு லிட்டர் நீரின் அழுக்கைச் சிதைக்க எத்தனை மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதையே உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை என்கிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்திகரிக்கப்படாத ஊர்ச் சாக்கடைக்கு இத்தேவை லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம். 30 டிகிரி வெப்பத்தில் தூய ஆற்றுநீர் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஆக்ஸிஜனோ லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, சுமார் 27 லிட்டர் நல்ல தண்ணீரின் ஆக்ஸிஜன் முழுவதையும் குடித்துவிட வல்லது. மீன்கள் மூச்சுவிட லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டுமானால், ஒரு லிட்டர் சாக்கடைக்கு ஏறத்தாழ 57 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஓடும் ஆறு காற்றிலிருந்து ஆக்ஸிஜனை மீண்டும் வாங்கிக்கொள்ளும் என்பது மெய். ஆனால் ஓட்டமே இல்லாத கோடையில்? வண்ணான் துறையில் தேங்கிக் கிடக்கும் கறுத்த குட்டை எதையும் சுத்தம் செய்யாது. நோய்க் கிருமிகளின் கதையோ தனி. வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் அவை இருக்கக்கூடும்.

செலவு ஏற்கெனவே கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது

"சுத்திகரிப்புக்கு ஏது பணம்?" என்று நகராட்சிகள் கேட்கின்றன. கேள்வியே தவறு. சுத்திகரிக்காமல் விட்டாலும் செலவு உண்டு. அது நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தெரியாது, அவ்வளவுதான். யார் யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

முதலாவது, நீர்வளத்துறை. சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு விருந்து. அது மண்டி வாய்க்காலை அடைத்துக்கொள்ள, தண்ணீர் கடைமடைக்கு ஏற மறுக்கிறது. ஆண்டுதோறும் தூர்வாரவும் ஆகாயத்தாமரை அகற்றவும் அரசு செலவிடும் தொகையில் ஒரு பங்கு, உண்மையில் மேலே இருக்கும் ஊர்களின் சாக்கடைக் கட்டணமே.

இரண்டாவது, உழவர். சாக்கடை நீர் எருவாகும் என்பாரும் உளர். அது பொய்யல்ல. லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைத்தாலும், பத்து இலட்சம் லிட்டரில் 40 கிலோ நைட்ரஜன் இருக்கும். ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். ஆனால் யூரியாவை எப்போது, எவ்வளவு போடுவது என்பது உழவரின் கையில் இருக்கிறது. சாக்கடை அவரைக் கேட்டு வருவதில்லை. வேண்டாத வேளையில் நைட்ரஜன் மிகுந்தால் நெற்பயிர் கருகருவென்று வளர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். குலைநோயும் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்கள் காலில் வரும் அரிப்புக்கு மருந்து வாங்குவது யார் செலவு?

மூன்றாவது, உப்பங்கழியை நம்பி வாழும் மீனவர். நான்காவது, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்படும் தொழிலாளி. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் சாவுகள் நிற்கவில்லை. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 இலட்சமாக உயர்த்த நேர்ந்தது. எந்திரம் வாங்கும் செலவை மிச்சம் பிடித்தவர் வேறு. உயிரால் கட்டியவர் வேறு.

ஆக, இப்போது நடைமுறையிலுள்ள விதி "மாசு செய்தவர் கட்டுவது" அன்று. "கீழே இருப்பவர் கட்டுவது" என்பதே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவின் ரைன் நதிக்கு ஹாலந்து நாடு டெல்டா. நம் தஞ்சையைப் போல. மேலே பிரான்சின் அல்சேஸ் பகுதிப் பொட்டாஷ் சுரங்கங்கள் ஆற்றில் கொட்டிய உப்பு, கீழே ஹாலந்தின் குடிநீரையும் தோட்டப் பயிர்களையும் கெடுத்தது. 1976-இல் பான் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்ஸ் 30 சதவீதம், ஜெர்மனி 30 சதவீதம், சுவிட்சர்லாந்து 6 சதவீதம். பாதிக்கப்பட்ட ஹாலந்து 34 சதவீதம்! பங்காளிகள் நால்வரில் மிகப் பெரிய பங்கு பாதிக்கப்பட்டவருக்கே.

செய்து பார்த்த மூன்று வழிகள்

நம் நாட்டில் இதற்கு ஏதும் செய்யப்படவில்லை என்று கூறுவது நியாயமாகாது. மூன்று வழிகள் முயலப்பட்டன. ஒவ்வொன்றின் குறையையும் பார்ப்போம்.

முதல் வழி, வரி. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1977-இல் அதற்குத் துணையாகத் தண்ணீர் மேல்வரிச் சட்டம் வந்தது. தொழிற்சாலைகளும் உள்ளாட்சிகளும் பயன்படுத்தும் ஆயிரம் லிட்டருக்குச் சில பைசாக்கள் கட்ட வேண்டும். குறை எங்கே என்றால், வரி விதிக்கப்பட்டது உள்ளே எடுத்த தண்ணீருக்கு. வெளியே விட்ட அழுக்குக்கு அல்ல. சில பைசாவுக்காக எந்த நகரமும் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்போவதில்லை. வசூலான தொகையோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் நிதிக்குத் துணையாகும் அளவில் நின்றது. சரக்கு, சேவை வரி வந்த 2017-இல் இந்த வரி நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டாம் வழி, நீதிமன்றமும் அபராதமும். நொய்யல் ஆறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையை நிரப்பி, கீழேயுள்ள நிலங்களைப் பாழாக்கியது. உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிடப்பட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் சாய ஆலைகளின் முறையீட்டை ஏற்கவில்லை. அதன் பின்னும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாய ஆலைகளையும் மூடும்படி ஆணை பிறந்தது.

லிட்டருக்கு இத்தனை பைசா என்ற இந்த முறை, கோட்பாட்டின் நேர்மையான வடிவம். வெளியே விட்ட அளவுக்கே விலை. ஆனால் ஆலைகளுக்குப் பொருந்திய இதனை நகரத்துக்கு எப்படிப் பொருத்துவது? ஆலையை மூடலாம், ஓர் ஊரை மூட முடியுமா?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் முயன்று பார்த்தது. சுத்திகரிக்கப்படாத சாக்கடை ஆற்றில் விழும் ஒவ்வொரு வடிகாலுக்கும் மாதம் 5 இலட்சம் ரூபாய், கட்டி முடிக்காத ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மாதம் 10 இலட்சம் என்று 2019-இல் இழப்பீடு விதித்தது. 2022-இல் மகாராஷ்டிர மாநிலத்துக்கு மட்டும் 12,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. சற்றுச் சிந்தியுங்கள். அரசு கட்டும் அபராதம் யாருடைய பணம்? கீழ் ஊரின் உழவரும் கடைக்காரரும் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் பணத்தையே எடுத்துப் பாதிப்புக்கு அபராதம் கட்டுவதாக இது முடிகிறது. சட்டையின் இடப்பையிலிருந்து வலப்பைக்குப் பணம் மாறியதால் ஆறு சுத்தமாவதில்லை.

மூன்றாம் வழி, அரசே கட்டிக்கொடுப்பது. 1995-இல் தொடங்கிய தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தில் காவிரிக்கரை ஊர்கள் பலவும் சேர்க்கப்பட்டன. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். குழாய் பதிக்கவும் நிலையம் கட்டவும் மத்திய, மாநில அரசுகள் பணம் தரும். கட்டி முடித்த பின் ஓட்டிப் பராமரிப்பது உள்ளூர்ப் பொறுப்பு. இங்கேதான் இடறுகிறது. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. பம்பு ஓடுவதற்குக் கட்டும் மின்கட்டணத்துக்கு விழா கிடையாது. மயிலாடுதுறையில் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் உடைந்து சாலையே பல முறை உள்வாங்கியதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பதித்த குழாயைப் பேணுவதற்கும் பணம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

மாதத்துக்கு எவ்வளவு ஆகும்?

நகர மக்களால் கட்ட இயலுமா என்று கேட்கலாம். மின்சாரக் கணக்கை மட்டும் பார்ப்போம். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியேறும். நால்வர் குடும்பமானால் நாளைக்குச் சுமார் 430 லிட்டர். மாதத்துக்கு 13,000 லிட்டர். காற்றூட்டிச் சுத்திகரிக்கும் முறையில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் செலவாகும். ஆக, குடும்பத்துக்கு மாதம் ஆறு அல்லது ஏழு யூனிட். உங்கள் வீட்டு மின்விசிறி நாள்தோறும் மூன்று மணி நேரம் சுழன்றால் ஆகும் செலவு! ஆட்கள் சம்பளம், பழுது, குழாய்ப் பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் இதைப் போலப் பல மடங்கு ஆகலாம். அப்போதும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது தாங்க முடியாத தொகை அன்று.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சென்னையை அடுத்த ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் இறுதியில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்ட மக்கள் முன்வந்தார்கள். மாதக் கட்டணமாகச் சுமார் 150 ரூபாய் வரை கட்டவும் இசைந்தார்கள். தெருத்தெருவாகக் கணக்கை விளக்கியதால் நடந்தது அது. தன் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் நம் மக்கள் கட்டத் தயங்குவதில்லை.

நீடாமங்கலம் போன்ற பேரூராட்சிகளின் நிலைமை சற்று வேறு. இத்தகைய சிற்றூர்களில் பெரும்பாலும் செப்டிக் டேங்குகள்தான். தொட்டி நிறைந்தால் லாரி வரும். வீட்டுக்காரர் உறிஞ்சி எடுப்பதற்குப் பணம் தருகிறார். எடுத்ததைச் சுத்திகரிப்பதற்கு யாரும் பணம் தருவதில்லை. தொலைவிலுள்ள நிலையத்துக்குப் போனால் லாரிக்காரருக்கு டீசல் நட்டம். வாய்க்காலில் கவிழ்த்தால் மிச்சம். ஆகவே லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. கொண்டு சேர்ப்பதற்கான கூலியையும் வீட்டுக்காரர் தரும் தொகையில் சேர்த்து, நிலையத்தில் இறக்கிய சீட்டைக் காட்டினால்தான் லாரிக்குப் பணம் என்று வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

எது நியாயமான பங்கீடு?

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு பங்கீட்டை வகுக்கலாம்.

குழாயும் நிலையமும் கட்டும் செலவைப் பொது நிதி ஏற்க வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு உழைக்கும் சொத்தின் விலையை ஒரு தலைமுறையின் ஏழைகள் மீது சுமத்துவது முறையன்று. ஓட்டும் செலவை, தண்ணீரைப் பயன்படுத்தும் ஊரே ஏற்க வேண்டும். குடிசைகளுக்குச் சலுகை, நடுத்தர வீடுகளுக்குச் சிறு கட்டணம், விடுதி, திருமண மண்டபம், மருத்துவமனை, வணிக வளாகம் ஆகியவற்றுக்கு முழுக் கட்டணம். ஆலைகள் தம் கழிவைத் தாமே சுத்திகரித்த பிறகே ஊர்க் குழாயில் விடலாம். இத்தொகை வேறு செலவுக்குப் போகாதபடி தனிக் கணக்கில் இருக்க வேண்டும். தவறும் ஊர் கட்டும் இழப்பீடு, அந்த ஊருக்குக் கீழேயுள்ள ஆற்றுப் பகுதிக்கே செலவாக வேண்டும்.

பிரான்சில் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டை ஆறு ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிதி முகமையை அமைத்தது. தண்ணீர் எடுப்பவரும் அழுக்கு விடுபவரும் கட்டும் தொகை அந்தப் படுகையிலேயே சுத்திகரிப்புக்குத் திரும்புகிறது. எவ்வளவு கட்டுவது என்று முடிவு செய்யும் குழுவில் மேல் ஊரும் கீழ் ஊரும் ஒருங்கே அமர்கின்றன. காவிரிக்கும் அப்படி ஒரு குழு வேண்டும். அதில் மூணாற்றுத் தலைப்புக்குக் கீழேயுள்ளவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

நகராட்சிக்குப் பணமில்லை என்ற சாக்கு எடுபடாது என்பதை, மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரச் சாக்கடை வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1980-இலேயே கூறிவிட்டார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதையே வலியுறுத்தி, பயன்படுத்துவோரிடம் கட்டணம் வசூலிக்க விதிகள் வகுக்கலாம் என்றும் வழிகாட்டியது. இல்லாதது சட்டம் அன்று. அளந்து காட்டும் கணக்கே.

அளப்பதில் வாசகர்களாகிய உங்களுக்கும் பங்கு உண்டு. நீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் விங்க்லர் முறைக்கு மாங்கனீஸ் சல்பேட்டு, கார அயோடைடு, கந்தக அமிலம், தயோசல்பேட்டு, ஸ்டார்ச்சுக் கரைசல் ஆகியவை போதும். மேனிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யக்கூடிய ஆய்வு இது. உங்கள் ஊருக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி என்று மாதம் ஒரு முறை அளந்து பள்ளிச் சுவரில் எழுதிவையுங்கள். சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊரானால், அது எத்தனை நாள் ஓடியது, வெளிவந்த நீரின் அளவீடு என்ன என்பதை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள்.

மேல் ஊரைக் குறைசொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. தஞ்சைக்கு நீடாமங்கலம் கீழ் ஊர். முத்துப்பேட்டைக்கு அதுவே மேல் ஊர். ஆற்றங்கரையில் வாழும் யாரும் வெறும் கடைமடைக்காரர் அல்லர். நமக்கு வரும் நீரின் கணக்கைக் கேட்கும் அதே வாயால், நாம் விடும் நீரின் கட்டணத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் கட்டணம் எவ்வளவு, அது எங்கே போகிறது என்று அடுத்த வார்டுக் கூட்டத்தில் கேளுங்கள்.